சிவப்புப் பொட்டு மேலே இருக்க வேண்டும்

எங்கள் வீட்டு டிவியின் பின்பக்கத்தில் துருத்திக்கொண்டிருந்த இரண்டு உலோக வளையங்களைப் புறங்கையால் லேசாகத் தடவினால், தோலுக்கு மேலே, மயிர்க்கால்களின் உயரத்தில், கண்ணுக்குத் தெரியாத எறும்புகள் வரிசையாக ஓடுவது போல ஒரு குறுகுறுப்பு எழுந்து மணிக்கட்டு வரைக்கும் வந்து நிற்கும். உள்ளங்கையால் தொடக் கூடாது. தொட்டால் கை தானாக மூடிக்கொள்ளும், பிறகு நாம் விட நினைத்தாலும் அது விடாது என்று நைனா சொல்லியிருந்தார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அந்தக் குறுகுறுப்புக்கு எங்கள் வீட்டில் 'எறும்பு' என்றே பெயர். "இன்னிக்கு எறும்பு கீதா பாரு" என்பார் நைனா. நான் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இல்ல நைனா" என்று சொன்ன பிறகுதான் ஆட்டம் தொடங்கும். மற்ற வீடுகளில் பிள்ளைகளைக் கைகால் கழுவிவிட்டு வந்து டிவி முன்னால் உட்காரச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் மட்டும் கழுவிவிட்டு வந்து உட்காரக் கூடாது என்று சட்டம்.

இதை இப்போது எழுத நேர்ந்ததற்குக் காரணம், நாற்பத்தைந்து வயதில், முதுகுவலிக்கு ஒன்றும் கொழுப்புக்கு ஒன்றுமாக மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கும் நான், போன மாதம் ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி வாங்கியதுதான். பழையது என்றால் என் வயதுக்குப் பக்கத்தில் வரும் பழையது. அசல் கம்பெனிப் பெட்டிகளின் விலையைக் கேட்டால் அதை வைத்து விளையாட மனம் வராது, லாக்கரில்தான் வைக்கத் தோன்றும்; ஆகையால் நான், வாழ்நாள் முழுக்கச் செய்ததைப் போலவே, நகலின் நகலைத் தேடினேன். விற்றவர், "சோதித்துப் பார்க்கவில்லை, ஆனால் நன்றாக ஓடும்" என்று எழுதியிருந்தார். தன்னைப் பெண்பார்க்க வந்தபோது என் வீட்டார் என்னைப் பற்றிச் சொன்னதும் ஏறக்குறைய இதேதான் என்று என் மனைவி நினைவூட்டினாள்.

வாங்குவது சுலபம். எதனுடன் எதை இணைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதை நான் பதினோரு வயதில் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதை யாரிடமும் சொல்லவில்லை.

தாத்தா காலத்தில் அரக்கோணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு செகந்திராபாத் வந்த குடும்பம் எங்களுடையது. லாலாகூடா பக்கம் குவார்ட்டர்ஸ். ஒரு வரிசைக்குப் பத்து வீடு, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாவட்டத்துத் தமிழ். நைனா பணிமனையில் ரயில் பெட்டிகளுக்கு விளக்கும் மின்விசிறியும் மாட்டும் பிரிவில் ஃபிட்டர். பெட்டிக்கு அடியில் தொங்கும் பாட்டரிகளின் மின்சாரம் அவருக்குக் கைப்பழக்கம். அதை அவர் பசுமாட்டைத் தடவிக்கொடுப்பவர் போலக் கையாளுவார். அந்த மின்சாரம் அவரை ஒருநாளும் பெரிதாக உதைத்ததில்லை. வீட்டுச் சுவரில் ஓடுவதும் அதன் தங்கச்சிதான் என்று அவர் நினைத்திருந்தார் என்பது எனக்குப் பிற்பாடு புரிந்தது. காலனியில் எந்த வீட்டு இஸ்திரிப்பெட்டி சூடாகவில்லை என்றாலும் வஜ்ரவேலு வீட்டுக்கு, அதாவது நைனாவிடம்தான் வரும். பக்கத்து வீட்டு ஏசுரத்தினம் அங்கிள் தன் வீட்டு மிக்சியை மாதத்துக்கு ஒருமுறை தூக்கிக்கொண்டு வந்து, "வஜ்ரவேலு, இதுக்கு மறுபடியும் சளி புடிச்சிருக்கு" என்பார்.

அந்தக் கோடை விடுமுறையில் காலனிப் பிள்ளைகளுக்கு 'டிவி கேம்' பைத்தியம் பிடித்தது. சாம்பல் நிறப் பெட்டி, சிவப்புப் பொத்தான்கள், வாயில் செருகும் 'கேசட்', இரண்டு பக்கமும் வயரில் தொங்கும் இரண்டு 'ரிமோட்டு'. கடையில் புதிதாக வாங்கும் நிலைமை எங்களுக்கு இல்லை. என் அக்கா வனஜா, என்னைவிட மூன்று வயது மூத்தவள், எதையும் அழுது கேட்கமாட்டாள், சாப்பிடாமலும் இருக்கமாட்டாள், நைனா வேலையிலிருந்து வரும் நேரத்துக்குக் காலி டிவியின் முன்னால் போய் உட்கார்ந்து, கையில் இல்லாத ரிமோட்டைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருப்பாள். மூன்றாம் நாள் நைனா, "ஜும்மேராத் பஜாருக்குப் போலாம் வா" என்று என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

வியாழக்கிழமைதோறும் பழைய நகரத்தில் கூடும் சந்தை அது. ஒற்றைச் செருப்பு, கண்ணாடி இல்லாத கண்ணாடிச் சட்டம், யாருடையதென்று கேட்கக் கூடாத கடிகாரங்கள் எல்லாம் தரையில் விரித்திருக்கும். ஒரு கிழவரிடம், தார்ப்பாயின் ஓரத்தில், இஸ்திரிப்பெட்டிகளுக்கும் ஒரு செயற்கைக் காலுக்கும் நடுவே அந்தச் சாம்பல் பெட்டி கிடந்தது. நைனா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு சின்ன டப்பா வருமே, அது கிதர்?" என்று தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டார்.

"டப்பா நக்கோ சாப்" என்றார் கிழவர். "டப்பா கைக்கு? சீதா வயர் லகாவ்."

டப்பா எதற்கு, நேராக வயரைப் போடு என்றார். அந்தச் சின்ன டப்பாதான் விஷயம். எங்களுடையது கறுப்புவெள்ளை டிவி. அதில் ஆண்டெனா வயர் செருகும் ஓட்டை ஒன்றைத் தவிர வேறு வாசல் கிடையாது. கேம் பெட்டியின் படத்தை ஆண்டெனாவில் வருவது போல மாற்றி, அந்த ஓட்டை வழியாக டிவிக்குள் அனுப்புவது அந்த டப்பாவின் வேலை. டப்பா இல்லாததால் பெட்டி பாதி விலைக்கு வந்தது. நைனா சிரித்தார். தனக்குத் தெரியாத ஒன்று வயருக்குத் தெரியுமா என்ன என்கிற சிரிப்பு. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அந்தப் பெட்டியை என் மடியில் வைத்திருந்தேன். என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு அத்தனை பெருமையாக எதையும் சுமந்ததில்லை, என் பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்து வந்தது உட்பட.

அந்த ஞாயிற்றுக்கிழமை நைனா டிவியின் முதுகைத் திறந்தார். படம் எந்த இடத்தில் உருவாகிறது, சத்தம் எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க அவருக்கு அரை நாள் ஆனது. கண்டுபிடித்த இடங்களில் வயரைப் பற்றவைத்து, முதுகில் இரண்டு துளை போட்டு, இரண்டு உலோக வளையங்களை வெளியே கொண்டுவந்தார். ஏசுரத்தினம் அங்கிள் டீ டம்ளருடன் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கேம் பெட்டியின் வயரைச் செருகியதும் திரையில் கோடுகள் ஓடி, ஒதுங்கி, இரண்டு குட்டிச் சிப்பாய்கள் நின்றார்கள். அக்கா கைதட்டவில்லை. உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல் ரிமோட்டுக்குக் கை நீட்டினாள்.

"நில்லு" என்றார் நைனா. புறங்கையால் வளையத்தைத் தொட்டார். பிறகு டெஸ்டரை வைத்தார்; அதன் வயிற்றுக்குள் சிவப்பாக எரிந்தது.

இந்த இடத்தில் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் காலத்து மலிவான டிவிகளில், சுவரிலிருந்து வரும் இரண்டு வயர்களில் ஒன்று நேராக உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்தோடு சேர்ந்திருக்கும். வெளியே பிளாஸ்டிக் கூடு இருப்பதால் அதை யாரும் தொடப்போவதில்லை என்ற நம்பிக்கையில் செய்தவன் செய்திருப்பான். அந்தச் சட்டத்துக்கு வெளியே ஒரு வாசல் வைத்தது நாங்கள். சுவரில் செருகுவதோ இரண்டு முள் பிளக். அதை எப்படியும் செருகலாம். ஒரு பக்கமாகச் செருகினால் சட்டத்தில் ஒன்றும் இருக்காது. திருப்பிச் செருகினால் வீட்டின் முழு மின்சாரமும் அந்த வளையத்தில் வந்து, அங்கிருந்து கேம் பெட்டிக்குப் போய், ரிமோட்டின் வயர் வரைக்கும் வந்து காத்திருக்கும்.

நைனா பிளக்கைப் பிடுங்கித் திருப்பிச் செருகினார். டெஸ்டர் அணைந்தது. மறுபடி திருப்பினார், எரிந்தது. மறுபடி, அணைந்தது. ஒரு வித்தையைக் கண்டுபிடித்தவரின் திருப்தி அவர் முகத்தில் வந்தது. பணிமனையிலிருந்து டப்பாவில் கொஞ்சம் கொண்டுவந்து வைத்திருந்த ரயில்பெட்டிச் சிவப்புப் பெயின்ட்டில் சுண்டுவிரலைத் தோய்த்து, பிளக்கின் நல்ல பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தார்.

"பொட்டு மேல இருக்கணும். அவ்ளோதான்" என்றார்.

"பிளக்குக்குப் பொட்டு வெச்சாச்சு. தாலி எப்போ?" என்றார் ஏசுரத்தினம் அங்கிள்.

"அம்மாம் ரயிலு ஓடுது, தினம் எம்மாம் ஜனம் போவுது. நான் மாட்ன லைட்டுல எவனுக்காச்சும் ஷாக் அடிச்சிதா? சொல்லு."

"அடிச்சவன் வந்து சொல்லியிருக்க மாட்டான் வஜ்ரவேலு" என்றார் அங்கிள், டீயை ஊதிக்கொண்டே. எல்லாரும் சிரித்தோம். அம்மாகூடச் சிரித்தாள்.

அதற்குமேல் காப்புக்குச் சில சட்டங்கள் சேர்ந்தன. ஆடுபவர் ரப்பர் செருப்புப் போட்டிருக்க வேண்டும். அரிவாள்மனைப் பலகைபோல ஒரு பழைய ரயில்பெட்டிப் பலகை இருந்தது. அதன்மேல்தான் உட்கார வேண்டும். ஈரக் கையோடு தொடக் கூடாது. ஆட்டத்துக்கு முன் 'எறும்பு' பார்க்க வேண்டும். அந்த உத்தியோகம் எனக்கு. இப்படி, நடுவீட்டில் செருப்போடு உட்காரக் கூடாதென்று ஊரே சொல்லும்போது, செருப்பில்லாமல் உட்கார்ந்தால் அடி விழும் ஒரே வீடாக எங்கள் வீடு ஆனது. காலனிப் பிள்ளைகள் அதைப் பார்க்கவே வந்தார்கள். ஆபத்துக்கு நாங்கள் இத்தனை மரியாதை செய்ததால் அது எங்கள் வீட்டில் ஒரு சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டது. சொந்தக்காரர்கள் கடைசியில் என்ன செய்வார்கள் என்பது பதினோரு வயதில் யாருக்குத் தெரியும்.

அக்காவைப் போல யாரும் ஆடவில்லை. நான் செத்துச் செத்துப் பிழைப்பேன். அவளுடைய சிப்பாய் சாகவே மாட்டான். வலது கட்டைவிரல் ஒன்றில் அவள் மொத்த உடம்பும் குடிவந்துவிடும். "நீ சும்மா என் பின்னாலயே வாடா, போதும்" என்பாள். நான் அவள் பின்னாலேயே போவேன், அப்படியும் சாவேன்.

மழைக்காலம் வந்தது. இரண்டாவது ரிமோட்டின் வயரை எலி கடித்துவிட்டது. நைனாவிடம் சொன்னால் நான்கு நாள் ஆட்டம் நிற்கும் என்பதால், நானும் அக்காவும் வயரின் நரம்புகளை நாங்களே முறுக்கிச் சேர்த்தோம். மேலே சுற்ற டேப் இல்லை. புண்ணுக்கு ஒட்டும் துணிப் பிளாஸ்திரி இருந்தது. அதைச் சுற்றினோம். துணி தண்ணீரை உறிஞ்சும் என்பதும் எங்களுக்குத் தெரியும். புண்ணைக் கழுவும்போது பார்த்திருக்கிறோம். தெரிந்த இரண்டு விஷயங்களை ஒன்றாக வைத்துப் பார்ப்பதுதான் அறிவு என்றால் எங்களிடம் அது இல்லை. தினமும் பிடுங்கிச் செருகியதில் சுவரிலிருந்த பிளக் பாயின்ட்டும் தளர்ந்து போயிற்று. பிளக் நிற்பதற்கு இரண்டு தீக்குச்சிகளைப் பக்கத்தில் செருகி வைத்தோம். ஒருநாள் டிவிக்குப் பின்னால், அந்த வளையங்களுக்குக் கீழே, ஒரு பல்லி வாயைத் திறந்தபடி காய்ந்து கிடந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு நைனாவைக் கூப்பிட்டாள். நைனா அதை முறத்தில் வாரி வெளியே போட்டார். "பல்லின்னா சாவாதா" என்றார்.

செகந்திராபாத்தில் போனாலுப் பண்டிகை ஆஷாட மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் வரும். பெண்கள் தலையில் பொங்கல் பானையைச் சுமந்து வேப்பிலையோடு அம்மன் கோயிலுக்குப் போவார்கள். வழியில் இருக்கும் வீடுகளில் மஞ்சள் கரைத்த தண்ணீரை அவர்கள் காலில் ஊற்ற வேண்டும். எங்கள் தெரு வழியாகத்தான் ஊர்வலம். அன்று மதியம் வானம் எப்போது வேண்டுமானாலும் விழுந்துவிடும் போல இருந்தது. அம்மாவும் நைனாவும் வாசலில் குடங்களோடு நின்றார்கள். நானும் அக்காவும் உள்ளே, எங்களால் அதுவரை போக முடியாத ஒரு கட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தோம். தப்பட்டைச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் அம்மா, "வனஜா, வந்து தண்ணி ஊத்து" என்று கூப்பிட்டாள். அக்கா ரிமோட்டைத் தரையில் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள், சாமிக்கு ஊற்றும்போது செருப்புப் போடக் கூடாது. "என் ஆள அந்த மூலையில நிக்கவெச்சிட்டுப் போறேன். நீ எதையும் தொடாத" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

நான் தொடவில்லை. என் சிப்பாயை மட்டும் நகர்த்தினேன். தப்பட்டை எங்கள் வாசலுக்கு வந்தபோது சுவரே அதிர்ந்தது. தீக்குச்சி நழுவி, பிளக் பாதி வெளியே வந்து தொங்கி, பிறகு தரையில் விழுந்தது. திரை இருண்டது. ஆனால் கேம் பெட்டிக்குத் தனி அடாப்டர் உண்டு. அதன் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதாவது ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. இருட்டுக்குள் யாரோ எங்கள் ஆட்களைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் எட்டிப் பிளக்கை எடுத்து, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் செருகினேன். முதல்முறையிலேயே கெட்டியாக உட்கார்ந்தது. இத்தனை நாள் இல்லாத கெட்டி. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

'எறும்பு' பார்ப்பது என் உத்தியோகம். பார்க்கவில்லை. என் காலில் செருப்பு இருந்தது, என் கீழே பலகை இருந்தது, என் ரிமோட்டு நல்ல ரிமோட்டு. திரை மெல்ல வெளுத்து, படம் வந்தது. மூலையில் நின்ற அவள் ஆளை நோக்கி ஏதோ வந்துகொண்டிருந்தது.

"அக்கா, உன் ஆளு சாவப்போறான், சீக்கிரம் வா" என்று கத்தினேன்.

அவள் வந்தாள். முழங்கால் வரை மஞ்சள் தண்ணீர், கையெல்லாம் ஈரம், வெறுங்கால். தரையில் கிடந்த ரிமோட்டை, பிளாஸ்திரி சுற்றிய இடத்தோடு சேர்த்து அள்ளினாள்.

ஷாக் அடித்தால் கத்துவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவள் கத்தவில்லை. முழங்காலில் உட்கார்ந்தவள் அப்படியே நேராக, ரொம்ப ஒழுங்காக, பள்ளிக்கூடத்தில் போட்டோவுக்கு உட்காருவது போல விறைத்துக்கொண்டாள். திரையில் அவளுடைய சிப்பாய் மட்டும் நிற்காமல் குதித்துக்கொண்டே இருந்தான். அவள் கட்டைவிரல் அந்தப் பொத்தானை விடவில்லை. "ஏன் குதிச்சிக்கினே கீற?" என்று நான் கேட்டேன். கேட்டுவிட்டு என் ஆட்டத்தை ஆடினேன். எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள நான் முயன்றதும் இல்லை.

எலுமிச்சம்பழம் எடுக்க நைனா உள்ளே வந்தார். ஒரு நொடி நின்றார். தோளிலிருந்த துண்டைக் கையில் சுற்றி, டிவியின் வயரைப் பிடித்து இழுத்தார். அவர் இழுத்த இழுப்பில் பிளக் மட்டும் வரவில்லை. சுவரிலிருந்து பலகையோடு பாயின்ட்டே பெயர்ந்து வந்து, தரையில் மோதித் துண்டு துண்டானது. அக்கா பக்கவாட்டில் சாய்ந்தாள். வெளியே தப்பட்டை அடித்துக்கொண்டிருந்ததால் அம்மாவின் குரல் யாருக்கும் கேட்கவில்லை. ஏசுரத்தினம் அங்கிள்தான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர்வலத்தைப் பிளந்து ஓடினார். அவர் ஜோக் ஏதும் சொல்லாமல் இருந்த ஒரே நாளாக அதுதான் என் நினைவில் இருக்கிறது.

பிழைத்தாள். பதினொரு நாள் ஆஸ்பத்திரி. வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உள்பக்கம் கருகி, ஆறி, நிமிராமல் மடங்கியே நின்றுவிட்டன. ஒரு வருடப் படிப்புப் போயிற்று. இடது கையால் எழுதப் பழகினாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பழியைப் பங்குபோட ஆளாளுக்கு முந்திக்கொண்டார்கள். நைனா, தான் பற்றவைத்த ஏதோ ஒரு இடம் உள்ளே கழன்று சட்டத்தைத் தொட்டிருக்கும் என்றார். டிவியைப் பிரித்துப் பிரித்துத் தேடினார். கழன்ற இடம் கிடைக்கவில்லை, ஆனாலும் அப்படித்தான் என்றார். அம்மா, சாமி வாசலுக்கு வரும்போது உள்ளே விளையாட்டுப் போட்டால் அம்மன் சும்மா இருப்பாளா என்று தன் தலையில் அடித்துக்கொண்டாள். தான் அப்போதே நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. அக்கா கண் விழித்ததும் முதலில் சொன்னது, "ஈரக் கையோட தொட்டுட்டேன் நைனா. நீ சொல்லியும் தொட்டுட்டேன்" என்பது. என் பங்குக்கு யாரும் எதையும் மிச்சம் வைக்கவில்லை. நானும் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. "பாவம், புள்ள பயந்துபோய் கீறான்" என்று அம்மா எனக்குத்தான் மந்திரித்த கயிறு கட்டினாள்.

நைனா பணிமனையில் கெஞ்சி ஸ்டோர்ஸ் பிரிவுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். அதன்பின் அவர் ஒரு பல்பைக்கூட மாட்டவில்லை. இஸ்திரிப்பெட்டியோடு வருபவர்களிடம், "கடைக்கு எத்துனு போங்க" என்பார். முதலில் கேட்டவர்கள், பிறகு கேட்பதை நிறுத்தினார்கள். ஏசுரத்தினம் அங்கிள் மட்டும் பிடிவாதமாகக் கொஞ்ச நாள் மிக்சியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒருநாள் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார். எங்கள் வீட்டுக்கு எலக்ட்ரீஷியன் ஒருவர் முதல்முதலாக வந்தபோது, நைனா அவர் வேலை முடியும் வரை தெருவில் நின்றார்.

போன சனிக்கிழமை காலை, போலாரம் பக்கத்தில் இருக்கிற என் ஃபிளாட்டில், புதிதாக வந்த பழைய பெட்டியை இணைக்க உட்கார்ந்தேன். இப்போதைய டிவிகளில் மஞ்சள், சிவப்பு வயர் செருகும் ஓட்டையே இல்லை; நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கன்வெர்ட்டர் தேவை. இந்தமுறை அதை நல்ல கடையில், புதிதாக, பில்லோடு வாங்கியிருந்தேன். எழுபத்தாறு வயது நைனா சோபாவில் இருந்தார். பெட்டியைப் பார்த்ததும் பேப்பரைக் கீழே வைத்தார். நான் பிளக்கைக் கையில் எடுத்தபோதுதான் அவர் என் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று கவனித்தேன். வெறுங்கால்.

நகைச்சுவை பேசப்போன எத்தனையோ மேடைகளில் என்னை நானே கிண்டல் செய்து கைதட்டல் வாங்கியிருக்கிறேன். என் சோம்பலை, தொப்பையை, சமைக்கத் தெரியாததை எல்லாம் ஊருக்கு விற்றிருக்கிறேன். இந்த ஒன்றை எடுத்து வெளியே வைத்ததில்லை. தன்னைத்தானே கேலி செய்பவன் நிறையச் சொல்வதே ஒன்றைச் சொல்லாமல் இருப்பதற்குத்தான் போலிருக்கிறது. பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். பிளக் விழுந்தது, நான் பார்க்காமல் செருகியது, எறும்பு பார்க்காதது, அவளைக் கூப்பிட்டது. எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முப்பத்து நாலு வருடம் ஒளித்துவைத்த விஷயம் இவ்வளவு சின்னதா என்று இருந்தது.

"அப்ப பொட்டு கீழ இருந்துச்சு" என்றார் நைனா.

"இருந்திருக்கும் நைனா. நான் பாக்கல."

"உள்ள எதுவும் கழலல."

"இல்ல."

சுவரில் இருக்கும் ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதாவது இறங்கும் என்று நான் காத்திருந்தேன். அதற்காகத்தான் சொன்னேன் என்றுகூட வைத்துக்கொள்ளலாம். அவர் சுமையை இறக்கிவைப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு என்னுடையதை இறக்கினேன்.

"பொட்டு வெச்சி வித்தை காட்னவன் நானு" என்றார் கடைசியில். "ஒரு பக்கம் சொருவுனா வெளயாட்டு, இன்னொரு பக்கம் சொருவுனா சாவு. அத்தக் கொண்டாந்து புள்ளைங்க கைல குடுத்துட்டு, பொட்டப் பாத்துக்கோன்னு சொன்னவன் நானு. அந்த டப்பா வாங்க வக்கில்லைன்னா வுட்டுட்டு வந்திருக்கணும். அத்த உனக்குத் தர மாட்டேன்டா. அது என்னுது."

கையிலிருந்த பிளக்கைத் தரையில் வைத்தேன்.

"என்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்" என்றார். "வனஜாவுக்குச் சொன்னியா?"

"இல்ல."

"போன் போடு."

அந்தக் குவார்ட்டர்ஸ் வரிசையை இடித்து வருடங்கள் ஆகிவிட்டன. அந்த இடத்தில் இப்போது வண்டிகள் நிறுத்துகிறார்கள். இப்படியும் அப்படியும் செருகக்கூடிய டிவி பிளக்கும், உலோகச் சட்டத்தில் மின்சாரத்தைத் தொங்கவிட்ட பெட்டிகளும் காணாமல் போய்விட்டன. நல்லதுதான். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது; அக்கா பிழைத்ததற்காக அவள் தொடங்கிய, போனாலு அன்று உண்ணாமல் இருக்கும் வேண்டுதலைப் போன ஆஷாட மாதம்வரை என் மனைவி விடாமல் செய்திருக்கிறாள், எதற்கென்று தெரியாமலே. ஏசுரத்தினம் அங்கிளும் இல்லை. அன்று நான் அந்தப் பிளக்கைச் செருகியதற்கு என்னைத் தவிர சாட்சி கிடையாது. நான் போனைப் போடாமல் விட்டாலும் உலகத்தில் எதுவும் மாறாது. இதை நைனா அங்கே உட்கார்ந்திருக்கும்போதே நினைத்துப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

போட்டேன். அக்கா இப்போது பெரம்பூரில் இருக்கிறாள். மத்தியானச் சமையல் நேரம். ரொம்ப நேரம் அடித்த பிறகு எடுத்தாள். நைனாவுக்கும் கேட்க நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்; அவளும் நிமிராத விரலால் அழுத்தி ஸ்பீக்கரில் போட்டிருப்பாள். பின்னால் குழாய்ச் சத்தம் கேட்டது.

"வனஜாக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"இருடா" என்றாள். "கை ஈரமா கீது. தொடச்சினு வந்து எடுக்கறேன்."

போன் மேடையில் கிடக்கும் சத்தம். குழாய் நின்றது. துணியில் கையைத் துடைக்கும் சத்தம் எனக்குக் கேட்டது, நைனாவுக்கும் கேட்டது. ஒருமுறை துடைத்தாள். மறுபடி துடைத்தாள். இன்னும் துடைத்துக்கொண்டிருந்தாள்.